டிஸ்சார்ஜ்

ராயப்பேட்டை ஆஸ்பத்திரி, ஆண்கள் வார்டு.
கட்டைப் பிரித்துப் பார்த்த டாக்டர்
‘டிஸ்சார்ஜ் இருக்கு’ என்றுவிட்டு
அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

மெஹ்ருன்னிசா சிரித்தாள்,
பதினொரு நாளில் முதல் தடவை.
‘ச்சுட்டி’ என்றாள் புருஷனிடம்,
‘ச்சுட்டி தே தியே!’
தட்டு, டம்ளர், தைலம், போர்வை
எல்லாம் ஜாம்பஜார் மளிகைப் பைக்குள் போயின.
தம்பியை ஆட்டோவோடு வரச்சொன்னாள்.
என் அண்ணனைப் பார்த்து
‘உங்களுக்கும் சீக்கிரம்’ என்றாள்.

பஞ்சும் கத்திரியுமாக வந்த நர்ஸ்
‘எங்கம்மா கிளம்பிட்டே?
சீழ் வடியுது’ என்றாள்.

காய்கறி விலை பேசும் தமிழ் அவளிடம் இருந்தது.
சீழ் அதில் இல்லை.
எனக்குத் தெரிந்த உருதோ
பிரியாணிக் கடையில் பொறுக்கிய நாலு வார்த்தை.
காலைக் காட்டினேன்.
விரலால் காற்றில் ஏதோ வழியவிட்டேன்.

புரிந்துகொண்டவர் அவள் புருஷன்தான்.
மின்விசிறியைப் பார்த்தபடி, மெதுவாக:
‘பீப்.’

பையிலிருந்து முதலில்
டம்ளர் வெளியே வந்தது.

விளக்கணைத்த பிறகு வராந்தாவில் கேட்டாள்:
‘ஆளு வெளியே போனாலும் அதே பேரு,
அழுக்கு வெளியே போனாலும் அதே பேரா?’
‘ஆமா.’
‘இங்கிலீசுக்காரனுக்கு
வேற வார்த்தை கெடைக்கலியா?’
கொஞ்ச நேரம் பேசவில்லை.
‘சரி. மொதல்ல அழுக்கு போகட்டும்.’

சட்டென்று எழுந்து ஓடினாள்.
கீழே கேட்டருகே,
வேண்டாமென்று சொல்ல மறந்துபோன தம்பி
சாயங்காலத்திலிருந்து
ஆட்டோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தான்.