கொழுப்பெடுத்தவள்

பதினோரு மாதமாய் மூடாத வாய் அது.
இடது மார்பு இருந்த இடத்தில்,
கதிர் பட்டுக் கருத்த தோலுக்கு நடுவே
ஒரு ரூபாய் அகலம்.
பேசாது. தின்னாது.
தினமும் பஞ்சை மட்டும் நனைத்துக் கொடுக்கும்.
இரண்டு முறை இழுத்துத் தைத்தார்கள்.
இரண்டு முறையும்
தையலைத் துப்பிவிட்டது.

என் பேர் பெருமாயி.
சேலத்திலிருந்து ஆத்தூர் போகிற ரோட்டில்
ஜவ்வரிசி ஆலை.
மரவள்ளி அரைத்த பாலைத் தொட்டியில் விட்டு
ராத்திரி முழுக்க அசைக்காமல் வைத்தால்
மேலே மஞ்சத் தண்ணி, அடியில் மாவு.
இருபத்திரண்டு வருஷமாய்
அந்தத் தண்ணியை வடிப்பவள் நான்.
கூலியில் பத்து ரூபாய் ஏற்றிக் கேட்டதற்கு
மேஸ்திரி செங்கோடன் சொன்னான்:
உனக்குக் கொழுப்பு.
கல்யாணமான மூணாம் மாசம்
அடிக்க ஓங்கிய கையைப் பிடித்து நிறுத்தியபோது
வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்.

டாக்டர் ஜெசிந்தா புண்ணைச் சுற்றி
விரலால் தட்டித் தட்டிப் பார்த்தார்,
கிணறு வெட்ட இடம் பார்க்கிறவர் மாதிரி.
கீழே ரத்த ஓட்டம் இல்லை, என்றார்.
உங்க வயித்துக் கொழுப்பை எடுத்து
இதைச் சுத்தி வெச்சுப் பாக்கலாம்.

நான் சிரித்த சிரிப்பில் பஞ்சு நழுவியது.
ஊரே சொன்னதை
நீங்களும் கண்டுபிடிச்சிட்டீங்களா டாக்டர்?

பாதி மயக்கம்.
உறிஞ்சிய சிரிஞ்சுகளைச் சுழலவிட்டு நிறுத்தினார்கள்.
தலையைத் திருப்பிப் பார்த்தேன்.
மேலே எண்ணெய்,
அடியில் ரத்தத் தண்ணி,
நடுவே அது,
மல்கோவாச் சதையின் மஞ்சளில்.
என் தொட்டியில் வேண்டியது அடியில் தங்கும்.
இங்கே நடுவில் தங்கியிருக்கிறது.
"மேல இருக்கறத நல்லா வடிங்க" என்றேன்.
நர்ஸ் முகமூடிக்குள் சிரித்தது
கண்ணில் தெரிந்தது.

ஒரே இடத்தில் கொட்டினால் செத்துப்போகுமாம்.
முனை மழுங்கிய குழலை உள்ளே செலுத்தி
வெளியே இழுக்கும்போது மட்டும்
ஒவ்வொன்றாய் விட்டுக்கொண்டே வந்தார்,
வறுபடாத, உயிருள்ள ஜவ்வரிசி.
ஒவ்வொரு மணியும்
தன் ரத்தத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.
கும்பலில் மாட்டினது பட்டினி.

வயிறு நாவற்பழமாய்க் கன்றிக் கிடந்தது.
வார்டு ஜன்னலில் சேர்வராயன் மலை,
அடிவாரத்தில்
மேக்னசைட் வெட்டிய வெள்ளைக் காயம்.
அதைப் பார்த்தபடி ஒரு வாரம்
மல்லாந்தே தூங்கினேன்.

பாதி கரைந்துபோகும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்.
கரைந்தது.
மூணு மாசம் கழித்து இன்னொரு தடவை, அதுவரை
இளைக்காதீங்க பெருமாயி, என்றார்.
நாற்பத்தெட்டு வயசில்
ஒருத்தரும் என்னிடம் சொல்லாத வார்த்தை.
அன்று சாயங்காலம் வீட்டுக்காரர்
அஞ்சு ரோட்டிலிருந்து
தட்டுவடை செட்டு வாங்கி வந்தார்.
பேசாமல் நீட்டினார். பேசாமல் வாங்கினேன்.
மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளவில்லை.
பசி.

இரண்டாம் தடவைக்கு அப்புறம், ஒரு செவ்வாய்க்கிழமை,
பஞ்சு காய்ந்து வந்தது.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
திருப்பிப் பிடித்தும் பார்த்தேன்.
சுற்றிலும் கல்லாய் இருந்த தோல்
கிள்ளினால் இப்போது
விரலுக்குக் கொஞ்சம் வருகிறது.

ஆலைக்குத் திரும்பிய முதல் நாளே
அந்தப் பத்து ரூபாயைக் கேட்டேன்.
இத்தனைக்கப்புறமும் உன் கொழுப்பு அடங்கலியே,
என்றான் செங்கோடன்.
அடங்கல, மேஸ்திரி.
வயித்துல இருந்தது
நெஞ்சுக்கு ஏறிடுச்சு.

அவன் இன்னும் பதில் சொல்லவில்லை.
தொட்டியில் பால் அசையாமல் நிற்கிறது.
கடுகளவு ஓர் இடம் மட்டும் மூடவில்லை,
அதைச் சுற்றி அரிக்கிறது.
சொறியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.
ஈரக்கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு
நிற்கிறேன்.