ஐந்து மில்லி

மூக்கு வழியாக இறங்கும் குழாயில்
முப்பத்தாறு கண் இருக்கிறதாம்.
ஜெஸிந்தா சொன்னாள், மரப்பு ஜெல்லியைத் தடவிக்கொண்டே.

ஜன்னலுக்குக் கீழே பழைய ஜெயில் ரோடு.
ஒரு லாரி சொட்டிக்கொண்டு போகிறது.
சத்தத்தை வைத்தே சொல்வேன்:
ஒன்பதாயிரம் லிட்டர், வாஷர் தேய்ந்தது.

முதலில் கேமரா விட்டார்கள்.
புண் இல்லை, கட்டி இல்லை.
அதோடு வீட்டில் என் வியாதியை
யாரும் நம்பவில்லை.
‘டென்ஷன்’ என்றார் இவர்,
தயிர்சாதத்தை இன்னும் கரைத்து நீட்டியபடி.

அப்புறம் பேரியம். சுண்ணாம்புக் கஞ்சி.
எக்ஸ்ரேயில் உணவுக்குழாய் அகன்று வந்து
அடியில் பறவை அலகாய்க் கூர்ந்து நின்றதாம்.
எந்தப் பறவை, என்றேன்.
டாக்டர் சிரித்தார். சொல்லவில்லை.

இன்றைக்கு இது.
‘மல்லாந்து படுங்கக்கா.
நான் சொன்னா மட்டும் முழுங்குங்க.
நடுவுல எச்சில்கூட முழுங்கக் கூடாது.’

முப்பது விநாடி.
பத்தொன்பது வருஷமாக
குடிநீர் வாரியத்துப் புகார் ஜன்னலில்
முழுங்குவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒன்று.
சிரிஞ்சில் ஐந்து மில்லி உப்புத் தண்ணீர்.
எங்கள் தெரு போர் இதைவிடக் கரிக்கும்.

இரண்டு.

மூன்றில் இருமிவிட்டேன்.
கணக்கில் சேராது, திரும்பவும் மூன்று.

நான்கு, ஐந்து,
காலிக் குடத்தை என் லெட்ஜர் மேல் வைத்த
கொருக்குப்பேட்டைக்காரி.
கத்தவில்லை அவள்.
‘நீங்க இன்னிக்குக் குளிச்சீங்களா மேடம்?’
குளித்திருந்தேன்.
தலைக்கு.

அது எத்தனையாவது என்று
இந்த மிஷினுக்குத் தெரியாது.

எட்டு. ஒன்பது.
பத்து முடிந்ததும் திரையைத் திருப்பிக் காட்டினாள்.
மேலிருந்து கீழ்வரை நீலம்,
ஆள் இல்லாத கடல் மாதிரி.
அடியில் மட்டும் ஒரு சிவப்புப் பட்டை,
பத்து தடவையும் அசையாமல்.
‘நீங்க முழுங்குறீங்க. கீழ வால்வு திறக்கல.’

எனக்குச் சிரிப்பு வந்தது.
குழாய் உறுத்தியது.
அண்ணா நகருக்கும் வியாசர்பாடிக்கும்
நானே போனில் ஓதிய மந்திரம் அது:
லைன்ல தண்ணி இருக்கும்மா,
வால்வுதான் திறக்கல,
ஆள் வருவாரு.

குழாயை உருவினாள். கண்ணில் நீர்.
‘ஆள் வருவாரா?’ என்றேன்.
‘டாக்டர் வியாழக்கிழமைதான் வருவாரு’ என்றாள்,
விளையாட்டு புரியாமல்.

கீழே வந்து ஒரு டீ.
ஒரு வாய் குடித்து
அது இறங்கும்வரை நின்றேன்.
கடைக்காரர் டம்ளருக்காகக் காத்திருந்தார்.