ஐந்து வேண்டும்

ராக்கெட் துண்டு என்றுதான்
ஒரின்பசார் நினைத்திருந்தார்.
பெத்பக்-தாலாப் பாலையில்
வானத்திலிருந்து விழுவதெல்லாம்
பைக்கனூரின் பழைய பாக்கி.
மேலே போனது கீழே வரும் என்பது
அங்கே வானிலைச் செய்தி.

தண்டவாளத்தைத் தட்டித் தட்டிக் கேட்டபடி
நடக்கிற வேலை அவருக்கு.
நாற்பத்தேழாம் கிராசிங்குக்கு வடக்கே
பனி உருகிய சேற்றில்
செம்மறி ஒன்று கால் இடறிய இடத்தில் கிடந்தது,
கட்டைவிரல் அழுத்திய மாவு உருண்டைபோல,
கறுப்பாக.
சுத்தியலால் ஒரு தட்டு.
எந்தத் தண்டவாளமும் சொல்லாத சுருதியில்
அது பதில் சொன்னது.

அறுபத்தொரு கிலோ.
பழைய இரும்புக் கடைக்காரன்
நான்கு ரம்பத் தகடுகளைப் பறிகொடுத்தபின்
ஐந்தாவதை எடுக்கவில்லை.
"இது இரும்பே இல்லை, கொண்டுபோ."
அப்படியாக அது
ஆட்டுப்பட்டிக் கதவுக்கு முட்டு ஆனது.
ஒன்பது குளிர்காலம், ஒரே வேலை,
புயலைப் போ என்று சொல்வது.

அல்மாட்டியில் என் மேசைக்கு வந்தபோது
உருளைக்கிழங்குச் சாக்கில் இருந்தது,
ஆட்டு உரோமம் ஒட்டியபடி.
வைரக் கம்பியால் மூன்று நாள் அறுத்தேன்.
முகம் தெரியும்வரை தேய்த்தேன்.
எரிசாராயத்தில் நைட்ரிக் அமிலம் கலந்து
பஞ்சால் தடவிவிட்டுக் காத்திருந்தேன்.

இரும்பு விண்கற்களுக்கு ஒரு வழக்கம் உண்டு.
அமிலம் பட்டதும் கோடுகள் எழும்,
கோரைப்பாய் பின்னலாய், குறுக்கும் நெடுக்கும்.
பத்து லட்சம் ஆண்டுக்குச் சில பாகை என்று
அவசரமே இல்லாமல் ஆறியதன் ரேகை.
பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடலாம்
இன்னார் வீட்டுப் பிள்ளை என்று.

இதில் எதுவும் எழவில்லை.
துடைத்துவிட்டு மறுபடி தடவினேன்.
சாம்பல் நிறம்.
அதில் மங்கலாக நான்.

நிக்கல் நூற்றுக்கு இருபத்தாறு.
கோடு இல்லாததற்கு அதுதான் காரணம், சரி.
ஆனால் ஜெர்மானியம்
இல்லையென்றே சொல்லலாம்.
இரிடியமோ ஊதாரி கை.
வரைபடத்தில் புள்ளி வைத்தேன்.
தெரிந்த குழுக்கள் எல்லாம்
கல்யாண வீட்டுப் புகைப்படம்போல் நெருக்கியடித்து நிற்க,
என் புள்ளி தாளின் ஓரத்தில்
ஒண்டிக்கட்டை.

விதி இருக்கிறது:
ஐந்து கற்கள் ஒத்துப்போனால்தான் குழு.
நான்கு போதாது.
'குழு' என்ற கட்டத்தில்
'சேராதது' என்று தட்டினேன்.
ஏதோ குற்றப்பத்திரிகைபோல் இருந்தது.
அழித்தேன்.
வேறு சொல் கிடைக்காமல்
திரும்பவும் தட்டினேன்.

அன்று மாலை தொலைபேசியில்
எந்தக் கசாக்கியரும் முதலில் கேட்பதைத்தான்
ஒரின்பசாரும் கேட்டார்:
"அது எந்த ரூ? யார் வம்சம்?"
ஏழு தலைமுறைப் பெயர்களை
மூச்சு விடாமல் சொல்லக்கூடியவர்.

"தெரியவில்லை.
எங்கோ ஒரு குட்டிக் கோளின் வயிற்றில் இருந்திருக்கலாம்.
அந்தக் கோள் இப்போது இல்லை."

தண்டவாளத்தில் காது வைத்தவர்போல
கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.
"என் அம்மாவும் அப்படித்தான்.
பஞ்சத்தில் ரயில் நிலையத்தில் கிடைத்தவள்.
அவள் பக்கத்து ஏழு பேரில்
ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது.
நாங்கள் நான்கு பிள்ளைகள்."

நான் கணக்குப் போடத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

விழுந்த இடத்தின் பெயரைத்தான் கல்லுக்கு வைப்பது.
அங்கே ஊர் இல்லை.
ஆகவே 'நாற்பத்தேழாம் கிராசிங்' என்று
பதிவேட்டில் ஏறியது.

"பெயர் இருக்கட்டும்," என்றார்,
"கதவு அடித்துக்கொண்டே இருக்கிறது.
இரண்டு குட்டிகள் போய்விட்டன."
ரசீதில் கதவுக்கென்று ஒரு கட்டம் இல்லை.

கழித்துப்போட்ட தண்டவாளத் துண்டு ஒன்றை
இப்போது முட்டுக் கொடுத்திருக்கிறாராம்.
தட்டிப் பார்த்தீர்களா என்றேன்.
"பார்த்தேன். தெரிந்த சுருதிதான்,"
என்றார், புகார் சொல்வதைப்போல.