ஒன்றேகால் பேர்

இரவு ஏழரை.
தலவாக்கலையில் கடைகள் கதவை இழுத்துவிட்டன.
கொவென்றியில் இன்னும் பகல் இரண்டு மணி,
கேதீஸ்வரன் அண்ணாவின் கொத்துரொட்டிக் கடையில்
மதியக் கூட்டம் கலைகிற நேரம்.
பார்மசிக்கு மேல் மாடியில் என் மேசை,
காலைச் சுற்றிய கம்பளி,
பனி ஏறினால் விக்குகிற இணையம்.

"பிள்ளை, ஒரு ஆள் எனக்கு உண்மையா
எவ்வளவுக்கு முடியுது?
ஒருக்கா சரியாப் போட்டுச் சொல்லும்."

போட்டேன்.
கொஸ்தாதின், சமையல், வாரம் நாற்பது மணி.
அவன் கைக்குப் போவது ஒரு தொகை.
அதன்மேல் முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுவது,
ஓய்வூதியத்துக்கு மூன்று வீதம்,
தாயைப் பார்க்க ஊருக்குப் போன
பதினெட்டு நாளுக்கும் சம்பளம்,
சுளுக்கிய மணிக்கட்டுக்கு ஒரு கிழமை.
வழுக்காத சப்பாத்து ஒரு சோடி.
அடுத்தது டொரீன், சனிக்கிழமை மட்டும், கல்லாவில்.
வருகிறவர்களின் நாய்களுக்குக்கூட அவளுக்குப் பெயர் தெரியும்.
அதைப் போட எனக்குப் பெட்டி இல்லை.

கூட்டினால்
ஒருவரை வைக்க ஒன்றேகால் பேருக்குக் காசு போகிறது.
"பாத்தீரே!" என்றார்.
அவர் பொய் சொல்லவில்லை.
போன மாதம் தனக்கென்று அவர் எடுத்தது
கொஸ்தாதினுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு,
அந்தத் தாளும் என்னிடம்தான் இருக்கிறது.

ஒன்றேகால்.
எங்கள் தோட்டத்தில் அந்தப் பின்னம் கிடையாது.
அரைப்பேருதான் உண்டு.
கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேரு,
மழைக்கு மலையை விட்டு இறங்கினால் அரைப்பேரு.
தராசில் தொங்கும்போதே
ஈரத்துக்கு ஒரு கழிவு, சாக்குக்கு ஒரு கழிவு.
எங்கம்மா மரியாயி முப்பத்தொரு வருடத்தில்
எத்தனை நாள் பாதியாக வீட்டுக்கு வந்தாள் என்று
ஊரான் கணக்கையெல்லாம் கூட்டுகிற நான்
கூட்டிப் பார்த்ததில்லை.

அண்ணாவின் தாளில் நானும் இருக்கிறேன்.
ஆட்கள் பட்டியலில் இல்லை,
கீழே, தபாலுக்கும் கிருமிநாசினிக்கும் நடுவில்:
கணக்கு வேலை, இலங்கை.
மூன்று வீதமும் கிடையாது, பதினெட்டு நாளும் கிடையாது.
கோபம் வந்தது. நல்ல சூடான கோபம்,
குளிருக்கு பிளேன்டீக் கோப்பை மாதிரி
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அப்போது போனில் ஜெனிட்டா.
பில் படங்களைப் பார்த்து எனக்குப் பதிந்து தருகிறவள்,
மேல்பிரிவு லயம், ஒரு பில்லுக்கு ஒன்பது ரூபாய்.
"அக்கா, இந்த மாசம் நானூத்திப் பத்து செஞ்சேன்.
முந்நூத்தி எழுபதுக்குத்தான் காசு வந்திருக்கு."

நாற்பது பில்லில் மை மங்கல்.
தெளிவில்லாததற்குக் கணக்கில்லை என்று
விதி போட்டது யாரென்று
நான் தேடவேண்டியிருக்கவில்லை.
சிக்னலுக்காக அவள் ஏறி நிற்கும் தண்ணீர்த் தாங்கி,
அவள் காசில் போட்ட டேட்டா,
கரண்ட் போன இரவில் எல்லாம் அழிந்து
மறுபடி முதலிலிருந்து பதிந்தது

ஈரத்துக்கு ஒரு கழிவு.

புதிய தாள் ஒன்றில் அவள் பெயரை அடித்தேன்.
சேமலாப நிதி பன்னிரண்டு, நம்பிக்கை நிதி மூன்று,
டேட்டா, லீவு, மங்கல் நாற்பது.
கூட்டுத்தொகை வரவேண்டிய இடத்தில்
#### என்று வேலி விழுந்தது.
பெட்டி ஒடுக்கம், எண் கொள்ளவில்லை.
ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.
அகலமான பெட்டியில் அது
அண்ணா எனக்குத் தருவதில் பாதிக்கு மேல்.

"ஹலோ பிள்ளை? லைன்ல நிக்கிறீரே?
யாரைக் குறைக்கலாம் எண்டு சொல்லும்."

"ஒருத்தரையும் முடியாதுண்ணே.
என் கணக்கையும் ஒருக்கா பேசணும்.
எனக்குக் கீழேயும் ஒரு ஆள் இருக்கு."

அந்தப் பக்கம் எண்ணெய் பொரியும் சத்தம் மட்டும்.
பிறகு, "நாளைக்குக் கதைப்பம்."

ஜெனிட்டாவுக்கு நாற்பது பில்லின் காசை அனுப்பினேன்,
முந்நூற்று அறுபது.
அனுப்பியதற்கு வங்கி இருபத்தைந்து ரூபாய் பிடித்தது.
அதை யார் தலையில் போடுவது என்று
ஒரு நிமிடம், வெட்கமாக இருக்கிறது,
யோசித்தேன்.