ரொட்டி டப்பா

ஹார்லிங்கனில் எங்கள் தெருவில்
ஜன்னலுக்கு யாரும் திரை போடுவதில்லை.
விளக்கைப் போட்டுக்கொண்டு சாப்பிடுவோம்.
போகிறவன் பார்த்தால் பார்க்கட்டும்,
உருளைக்கிழங்குதானே.

ஓதம் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று சொல்ல
ஒரு செயலி வந்தது. இலவசம்.
சேற்றில் நடக்கப் போகிற அவசரத்தில்
கையுறையைப் பல்லால் கழற்றி
'சம்மதம்' என்பதை அமுக்கினேன்.
வீட்ஸ்கேயும் அமுக்கினாள். தெருவே அமுக்கியது.

ஆறு வருஷம்.

நடுவில் ஒருநாள்
செய்தித்தாளின் பதினோராம் பக்கத்தில் நாலு வரி:
நம் நடமாட்டத்தை யாரோ யாருக்கோ விற்கிறார்களாம்.
அந்தத் தாளை விரித்துத்தான் மீன் செதில் சீவினேன்.

கோபப்பட என்ன இருந்தது?
திருட்டு என்றால் ஏதாவது குறைய வேண்டும்.
சைக்கிள் போனால்
சுவரில் கைப்பிடி உரசிய கறுப்புக்கோடு மிஞ்சும்,
அதைக் காட்டிக் கத்தலாம்.
இதுவோ எடுத்த பிறகும் எடுத்த இடத்திலேயே இருந்தது.
அன்றைக்கு நடந்த தூரம்
என் காலில் அப்படியே வலித்தது.

கடலுக்குக் கீழே குடியிருப்பவர்கள் நாங்கள்.
அணையில் ஈரம் கண்டால் ராத்திரியே எழுந்து ஓடுவோம்.
இதில் ஈரமே தெரியவில்லை.

மார்ச்சில் காப்பீட்டுக் கடிதம் வந்தது.
வீட்ஸ்கேயின் தவணை ஏறியிருந்தது.
போனில் மாற்றி மாற்றிக் கேட்டதில்
நான்காவது ஆள் வாய்தவறிச் சொன்னான்:
செவ்வாய்தோறும் நாற்பது நிமிடம்
இதய மருத்துவமனை வாசலில் நிற்கிறீர்களே, அம்மா.

நின்றாள்தான். காருக்குள்,
குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டு.
உள்ளே போனவள் பக்கத்து வீட்டு ஔக்யே.
பெற்ற மகனுக்குக்கூட அவள் சொல்லாத சேதி.

அதற்கப்புறம்தான் ஊர் கொதித்தது.
ஆளுக்கொரு கடிதம், ஆளுக்கொரு வாசல்.
சதுக்கத்தில் பாதிரியாரே கெட்ட வார்த்தை பேசினார்.
தொண்டை கட்டும்வரை நானும் கத்தினேன்,
பதினோராம் பக்கத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காமல்.
கூட்டத்தில் பாதிப்பேர்
போனை உயர்த்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் செவ்வாயும் ஔக்யேவை ஏற்றிக்கொண்டு போனாள்,
போனை ரொட்டி டப்பாவில் போட்டு மூடிவிட்டு.
ஜன்னலில் படுக்கைவிரிப்பை ஆணியடித்திருக்கிறாள்.
பட்டப்பகலில் சமையலறை இருட்டு.

பத்தரைக்கு டப்பா முனகியது.
ஔக்யேவின் மகன்.
அம்மா எடுக்கவில்லை, இரண்டு பேரும் எங்கே என்றான்.

தெரியாது என்றேன்.

வைத்த பிறகும்
காதில் ரொட்டித்தூள் ஒட்டியிருந்தது.