ஆறாவது குண்டு

பதினொரு நாளாக எனக்குத் தெரியும்.
இடது பக்கம் முழுசாக ஒடித்தால்
டக் டக் டக் டக்.
நேராகப் போனால் வாயே திறக்காது.

சோழிங்கநல்லூர் சிக்னலில்
எஃப்எம்மை இரண்டு புள்ளி ஏற்றிவிட்டு ஒடிப்பேன்.
நைட் ஷிப்ட் முடிந்த பன்னிரண்டு பேர்
கழுத்து தொங்கத் தூங்குகிறார்கள்.
யாருக்குக் கேட்கப்போகிறது?

கேட்டிருக்கிறது.
மேடவாக்கத்தில் கடைசியாக இறங்குகிற பெண்,
டிரிப் ஷீட்டில் எம். யாமினி,
கதவைச் சாத்துமுன் சொன்னாள்:
"அண்ணா, திரும்பறப்ப மட்டும்தான் சத்தம் வருது.
நேத்து ஏழு. இன்னிக்கு ஒம்போது."

எண்ணியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாக்கம்.
எட்டு மாடித் துணிகளின் சொட்டு
காலில் விழ விழ
விங்கருக்கு அடியில் படுத்தேன்.
இரண்டாயிரத்து ஒன்பது மாடல். மூன்றாவது கை நான்.
இடது ஒடித்தால் கத்துவது வலது சக்கரம்;
எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.
ரிம்மின் உள்பக்கம் முழுக்கக் கறுப்பு கிரீஸ்,
சுற்றிச் சுற்றி வீசியடித்த கோடு.
ரப்பர் பூட்டின் மடிப்பில் விரல் வைத்தேன்.
விரல் உள்ளே போனது.

தேவகிருபை டார்ச் பிடித்தாள்.
எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃப்ரில் தைக்கிறவள்.
"மேடு கிழியாது. பள்ளம்தான் கிழியும்,
மடங்குற எடம்.
நாங்க அங்க ரெண்டு தையல் போடுவோம்" என்றாள்.

புதுப்பேட்டையில்
பூட் விலை கேட்டேன், அப்புறம் முழு ஆக்ஸில் விலை.
இரண்டுக்கும் நடுவில்
ஒரு மாத டியூ படுத்திருந்தது.
தாவூத் ராவுத்தர் பில் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல்
ஒன்றே கேட்டார்: "தண்ணில எறக்கினியா?"

இறக்கினேன்.
டிசம்பரில், பள்ளிக்கரணை, சக்கரம் முழுக.
எல்லோரும் இறக்கினார்கள்.

ஹப் நட்டுக்கு நீளப் பைப் போட்டு
அதன்மேல் ஏறி நின்றேன், இரண்டு முறை குதித்தேன்.
ஷாஃப்டை உருவியதும் கியர் ஆயில்
சட்டைக் கைக்குள் அக்குள் வரை போனது.
ஜாயின்ட்டை மண்ணெண்ணெயில் கழுவினால்
ஆறு குண்டு. ஐந்து கண்ணாடி.
ஆறாவதில் அம்மைத் தழும்பளவு குழி,
கண்ணுக்குக்கூட இல்லை, நகத்துக்குத்தான் தெரிந்தது.
நகத்தால் தடவிக்கொண்டே கணக்குப் போட்டேன்,
அடுத்த மழை வரை? பொங்கல் வரை?
குண்டு தனியாக விற்பதில்லை.
"இது போதும்" என்றேன்.
கிருபை ஒன்றும் சொல்லவில்லை.
டார்ச் வெளிச்சம் மட்டும்
அந்தக் குண்டை விட்டு நகரவில்லை.

புது கிரீஸ், பாக்கெட்டைச் சுருட்டிச் சுருட்டி
கடைசிப் பிதுக்கல் வரை.
புது பூட். பெரிய கிளாம்ப்.
மரக்கட்டை வைத்துத் தட்டி
உள் லாக் 'டிக்' என்று விழுந்ததும்
பெருமையாகத் திரும்பிப் பார்த்தால்
சின்ன கிளாம்ப்
விரித்த பேப்பரில், ராசிபலன் மேல்,
மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.
முதலில் கோர்த்திருக்க வேண்டியது அதைத்தான்.
நான் சொன்ன வார்த்தையை
மூன்றாம் மாடியிலிருந்து ஒரு குழந்தை
தெளிவாகத் திருப்பிச் சொன்னது.

கிருபை சிரித்த சிரிப்பில் டார்ச் ஆடியது.
மறுபடி கழற்றினேன்.
கிரீஸுக்குள் முகம் மறைத்திருந்த ஆறாவது குண்டை
இந்த முறை நான் தேடவில்லை.

இறுக்குமுன் சின்ன முனையில்
ஸ்பூன் காம்பை விட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும்.
இல்லாவிட்டால் பூட் உப்பி, உரசி,
சீக்கிரமே கிழியும்.
விட்டேன். பெருமூச்சுப் போல் ஒன்று வந்தது.
யாருடையது என்று இருவரும் பார்த்துக்கொண்டோம்.

திங்கள் விடியல் நாலு நாற்பது.
சோழிங்கநல்லூர் சிக்னல். எஃப்எம்மை அணைத்தேன்.
இடது. முழுசாக.
டயர் தார்ச் சாலையைத் தேய்க்கிற சத்தம்,
யாரோ ஒருத்தரின் குறட்டை.

கண்ணாடியில் யாமினி
ஜன்னலில் நெற்றி சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள்.
தூக்கமா,
எண்ணத் தயாராகக் காத்திருக்கிறாளா,
தெரியவில்லை.