நாற்பதாம் பக்கம்

நாற்பதாம் பக்கத்தைத் தாண்டமாட்டீர், ஷென் முதலாளி.
பொருளடக்கத்தில் பார்த்துவிட்டேன்.
மூன்றாம் அத்தியாயம்: எரிந்த கிடங்கு.
உப்பு எரியாது என்ற தைரியத்தில்
படகுத்துறையில் நின்று மூட்டை எண்ணுகிறீர்.
எங்கள் மண்டியில் முதல் மூட்டைக்கு ஒன்று என்று சொல்லமாட்டோம்,
லாபம் என்போம்.
உம் ஊரில் என்ன சொல்வார்களோ,
மொழிபெயர்த்தவர் எழுதவில்லை.

வேலூர், மண்டித் தெரு, மத்தியானம் இரண்டரை.
குண்டூர் மிளகாய் இறக்கிய டிரைவர்
தும்மிக்கொண்டே காட்பாடிப் பக்கம் போய்விட்டான்.
வெயில் தார்ப்பாயை வறுக்கிறது.
கல்லாவில் சாய்ந்து
போனில் உம்மை நகர்த்துகிறேன், கட்டைவிரலால்.

உமக்கு ஒரு மகன். பதினாறு வயது.
கணக்கு வராது, குதிரைமேல் ஆசை.
போதாதா, உமக்கு நாள் குறிக்க?
இந்தமாதிரிக் கதைகளில்
பையன் கையில் வாள் ஏறவேண்டுமென்றால்
அப்பன் கடை எரியவேண்டும்.
அவன் மூங்கில் நுனியில் நிற்கப் பழக
முதலீடு உம் கழுத்து.
வட்டியெல்லாம் அவனுக்கு.

எனக்கும் ஒருவன், லோகு.
கரப்பானைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறுவான்.
நான் போய்ச் சேர்ந்தால்
பழிவாங்கக் கிளம்பமாட்டான்,
எல்.ஐ.சி. ஏஜெண்ட் நம்பரைத் தேடுவான்.
நல்லதுதான். அப்படித்தான் வளர்த்தேன்.

இரண்டாம் அத்தியாயத்தில் மழை.
ரத்தம் ஒழுகும் ஒருவன் உம் கதவைத் தட்டுகிறான்.
துணி சுற்றிய பெட்டியை நீட்டுகிறான்:
விடியும்வரை வைத்திருங்கள்.
வாங்காதீர் ஐயா.
பக்கத்துக் கடையைக் காட்டும்.
பூட்டுச் சாவி சம்சாரத்திடம் என்று சொல்லும்.
கடன் கேட்டு வந்தவனிடம்
நாம் சொல்லாத பொய்யா?

வாங்கிவிட்டீர்.
வாங்கினதோடு விட்டீரா,
தேநீர் கொண்டுவா என்று உள்ளே குரல் வேறு.
முட்டாள், என்று வாய்விட்டுச் சொல்லி
போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எதிரே ஒரு ஆள் நிற்கிறான்.
தன்னைத்தான் சொன்னேனோ என்று பார்க்கிறான்.
இடது கையில் கட்டு,
சட்டைப்பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு,
தோளில் பை, பைக்கு வெளியே எக்ஸ்ரே கவர்.
அஸ்ஸாமோ, வங்காளமோ.
பாதி இந்தி, பாதி ஜாடை:
பெண்சாதி வார்டில் இருக்கிறாள்.
ரூம் பிடிக்கவேண்டும்.
இந்தக் கையோடு இதைச் சுமந்து
எத்தனை லாட்ஜ் ஏறுவது?

வாங்கினபோது இரும்பாய்க் கனத்தது.
உள்ளே என்ன என்று கேட்டிருக்கவேண்டும்.
போன மாதம்தான் சங்கத்துக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர்
தெரியாதவர் பையைத் தொடாதீர்கள் என்றார்.
முன்வரிசையில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டியவன்
நான்.

கல்லாவுக்குக் கீழே கிடக்கிறது பை,
ஓட்டைத் தராசுக்குப் பக்கத்தில்.
ஒரு மணி நேரம் என்று
ஒற்றை விரல் காட்டிப் போனவன்
ஐந்துக்கு வரவில்லை.
ஆறரைக்கும் வரவில்லை.
எட்டரைக்கு எதிர்க்கடை சாத்தியாயிற்று.
குனிந்து பையில் காதை வைத்துப் பார்த்தேன்,
வெட்கமாக இருந்தது.
உள்ளே ஒரு டம்ளர் ஒரு தட்டில் இடித்தது, அவ்வளவுதான்.

லோகு போன் பண்ணினான்.
இன்னா நைனா, இவ்ளோ நேரம்?
ஸ்டாக் எடுக்கிறேன்டா என்றேன்.
பொய் ஆகிவிடக்கூடாதே என்று
எண்ணவும் எண்ணினேன்:
லாபம், இரண்டு, மூன்று.

ஷென் முதலாளி,
முட்டாள் என்றதை நான் வாபஸ் வாங்கவில்லை.
ஆனால் நாற்பதாம் பக்கத்தையும் திறக்கவில்லை.
முப்பத்தொன்பதில்
இன்னும் நீர் விளக்கோடு படியில் நிற்கிறீர்,
மழைக்குள் யாரோ நடந்துவரும் சத்தம்.

இங்கே மழை ஏது.
தெருவிளக்கும் நாயும்தான்.
ஷட்டரைப் பாதி இறக்கி,
ஓர் ஆள் குனிந்து நுழையும் உயரத்தில்
விட்டுவைத்திருக்கிறேன்.